ஓட்டை போட்டது நானில்லை

புளி போட்டுத் தேய்த்த செம்புக்கு ஒரு வாசனை உண்டு. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. நான்காம் வகுப்பு முழுக்க என் கை அப்படித்தான் மணத்தது. செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லதென்று யாரோ சொல்ல, அம்மா பரங்கிப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் பாத்திரம் ஒன்று வாங்கி, கடலூரில் எங்கள் சமையலறையில் வைத்தாள். கூம்பிய அடி, விளிம்பில் மூன்று வளையம். தானாக நிற்காததால் அதற்குப் "பிரிமணை" வைத்தாள். வளையங்களில் கரண்டி மாட்டினாள்.

ஒரு சனிக்கிழமை நான் தேய்த்து வைத்த பிறகு அது சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அடியில், நட்ட நடுவில், ஓட்டை.

"ஆணிய வச்சு அடிச்சியாடி?"

ஓட்டை போடவில்லை என்று மாதாமேல் ஆணையிட்டேன். ஆணையிட்டதற்குத் தனியாக ஒரு அடி விழுந்தது. அந்த மாதம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன் தைத்தாகிவிட்டது. "ஃபாதர்கிட்ட ஒத்துக்கிட்டாதான் கவுனு. பொய்ய வச்சிக்கிட்டு நன்ம வாங்கக் கூடாது" என்றாள் அம்மா. கவுனை நினைத்துக்கொண்டு, பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு, போடாத ஓட்டையைப் போட்டதாகச் சொல்லிவிட்டேன். அபராதம், ஐந்து "அருள் நிறைந்த மரியே".

ஓட்டையை அடைக்க என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். மேல வீதிப் பாத்திரக் கடைக்காரர் அதைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"இதப் போயி அடைக்கச் சொல்றீங்களேம்மா! இது தாராபாத்திரம். சங்கிலில கட்டி லிங்கத்துக்கு மேல தொங்கவுடுறது. தண்ணி சொட்டத்தான் ஓட்ட. யாரோ ஈயம் வச்சு அடைச்சிருக்காங்க, பாருங்க தழும்ப."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "நாங்க வேதக்காரங்க. தெரியாம இதுல தண்ணி குடிச்சிட்டோம்."

"அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரும்மா" என்று சொல்லி, ஒரு கோயிலுக்குக் கொடுப்பதாகப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்குச் செம்புக் குடம் ஒன்று தந்தார்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் பஸ் ஏறியவள், புதுச்சத்திரம் வருவதற்குள் அழுதேன். பாவசங்கீர்த்தனத்திலேயே பொய் சொல்லியிருக்கிறேனே! "அதையும் போயி சொல்லிடு" என்றாள் அம்மா, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

சொன்னேன். "அப்ப ஓட்ட போட்டது யாரும்மா?" என்று கேட்டார் ஃபாதர். "சிவனுக்காகப் போட்டதாம் ஃபாதர்" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் இருமல் கேட்டது.

இப்போது சமையலறையில் அந்தப் பாத்திரம் இருந்த மூலையில் தண்ணீர் கேன் இருக்கிறது. செம்புக் குடமும் இல்லை, புளி வாசனையும் இல்லை. அடுத்த மாதம் என் மகளுக்குப் புதுநன்மை. அவளிடம் அம்மா இன்னும் வழக்கை நடத்துகிறாள். "ஓட்ட இருந்துச்சு, நான் இல்லங்கல. அடைச்ச ஈயம் எப்பிடிடி தானா வுழும்?"

நான் பேச்சை மாற்றிவிடுவேன். அன்றைக்குத் தேய்க்கும்போது அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அம்மாவின் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். இரண்டு பாவசங்கீர்த்தனத்திலும் அதை மட்டும் நான் சொல்லவில்லை.