இரண்டு இருமல்

அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பாத்திரம் உருளாது. கையிலிருக்கும் பூச்சுக் கரண்டி வேகமாக ஓடும், அவ்வளவுதான். சுவரில் அது உரசும் சத்தத்தை வைத்தே பக்கத்துச் சாரத்தில் நிற்பவர்கள், "மட்டக்கோல் இன்னிக்குச் சூடா இருக்கு, யாரும் வாயைக் குடுக்காதீங்க" என்பார்கள். மட்டக்கோல் என்பது கட்டட வேலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். அவள் பூசிய சுவரில் மட்டம் பார்க்கும் கோலை நிறுத்தினால் இடுக்கில் ஒரு காகிதம்கூட நுழையாது.

கம்பெனியைக் கேட்டால் அவள் சித்தாள். மணல் சலிக்கவும் கலவை சுமக்கவும் வந்தவள். கொத்தனார் என்றால் அது அவள் கணவர்.

கல்யாணமான புதிதில் சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு வலது தோள் இறங்கிப்போனது. மார்புக்கு மேலே கையைத் தூக்கினால் உயிர் போய் உயிர் வரும். அதனால் சுவரின் மேல்பாதியை அவள் பூசினாள். கூரையின் அடிப்பூச்சையும், அண்ணாந்தபடி, கண்ணில் சிமெண்டு சொட்டச் சொட்ட அவளே பூசினாள். ஒரு வருஷம் போனதும் கீழ்ப்பாதியும் அவள் தலையில் விழுந்தது. உட்கார்ந்து பழகிய மனிதர் எதற்கு எழுந்திருக்கப் போகிறார்?

பெண்பிள்ளை கரண்டி பிடிப்பதை என்ஜினீயர் பார்த்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். ஆகவே இருவரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். படியில் என்ஜினீயர் தலை தெரிந்ததும் கணவர் இரண்டு தடவை இருமுவார். அவள் கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொள்வாள். என்ஜினீயர் சுவரைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்குய்யா" என்று அவர் முதுகில் தட்டுவார். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு வாங்கிக்கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர்கள் கட்டட வேலைக்குப் போனதில்லை போலிருக்கிறது.

அவளும் சும்மாதான் இருந்தாள். குடும்பம் நடந்தால் சரி என்று இருந்தாள். இந்த வருஷம் அப்படி இருக்க முடியவில்லை. சட்டி சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் ஒரு துரும்பைக்கூட ஏற்றக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதே மாதம் கம்பெனியும் ஒன்று சொன்னது: சான்றிதழ் இல்லாத யாரும் பூச்சு வேலையைத் தொடக் கூடாது. ஆக, சான்றிதழ் கிடைத்தால் அவளுக்குக் கரண்டி, கிடைக்காவிட்டால் வீட்டு மூலை.

பள்ளிக்கூடம் போகாதவர்களும் தெரிந்த வேலையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் வாங்கலாம் என்று மகள்தான் கண்டுபிடித்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போனிலேயே விண்ணப்பம் போட்டாள்.

"அம்மா, என்ன வேலைன்னு கேக்குது. சித்தாள்னு போடவா?"

"பூச்சு வேலைன்னு போடு."

கட்டிலில் படுத்திருந்த கணவர் சிரித்தார். "புருஷனும் பொண்டாட்டியும் பக்கத்துல பக்கத்துல நின்னு பரீட்சை குடுக்கப் போறோமா? பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். பல்லு அவங்களுது."

தேர்வு ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. வரிசையாக மார்பளவு உயரச் செங்கல் சுவர்கள், ஆளுக்கு ஒன்று. சோதிக்க வந்த ஆபீசர் பொறுமையான மனிதர்தான். "கலவை எடுத்துக் குடுக்க ஆள் வேணும்னா வெச்சுக்கலாம். ஆனா கரண்டி உங்க கையிலதான் இருக்கணும். நான் அப்பப்ப வந்து பாப்பேன்" என்றார். கணவர் ஓர் ஆளை வைத்துக்கொண்டார். அவள் தன் கலவையைத் தானே கலந்தாள். அடுத்தவர் கலந்தது அவளுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

சுவரை நனைத்து, கலவையை வீசி அடித்து, அவள் பாதி ஏற்றியிருப்பாள். ஆபீசரின் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்துச் சுவரிலிருந்து இரண்டு இருமல் வந்தது.

ஆபீசர் எட்டிப் பார்த்தபோது அவள் கையில் சட்டி இருந்தது. கரண்டி தரையில் கிடந்தது. எப்போது போட்டாள், எப்போது சட்டியை எடுத்தாள், அவளுக்கே தெரியவில்லை. அவர் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த தடவை விடக் கூடாது என்று கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தடவையும் இருமல் வந்தது, சட்டி கைக்கு வந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? கணவர் வேண்டுமென்றே இருமினாரா என்றால், அதுவும் இல்லை. மேலதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டால் அவர் தொண்டை தானாகக் கமறும். அதை நினைத்தபோது அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

சுவர் முடிந்தது. ஆபீசர் கோலை வைத்துப் பார்த்தார், கையால் தடவிப் பார்த்தார், பிறகு நேரே கணவரிடம் திரும்பினார்.

"என்ன கொத்தனாரே, ரெண்டு சுவரையும் நீங்களே பூசிட்டீங்களா? அடுத்தவங்களுதைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சார், இது நான் பூசினது" என்றாள் அவள்.

"நான் மூணு தடவை வந்தேன்மா. மூணு தடவையும் உங்க கையில சட்டிதான் இருந்துச்சு."

மற்ற சுவர்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எவனோ களுக்கென்று சிரித்தான். அவள் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, சொல்லுங்க."

ஒரு வார்த்தை போதும். அவர் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டினார். "அது வந்து சார்... அவ எனக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுவா."

கூடமாட ஒத்தாசை! அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. இந்த ஊரில் எத்தனை வீட்டுக் கூரைகள் அவள் கழுத்தைத் தின்றிருக்கின்றன! எத்தனை தடவை இந்த மனிதரின் முதுகில் தட்டிய கையை, தன்னைத் தட்டியதாக நினைத்துத் தேற்றிக்கொண்டிருக்கிறாள்! என்ஜினீயர் முன்னால் மறைத்தார், பிழைப்பு என்று விட்டாள். இன்றைக்குக் கேட்டது ஒரே ஒரு உண்மை. அதுவும் அவர் வாயில் வரவில்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கரண்டியை எடுத்துச் சுவரின் உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஈரம் காயாத பூச்சு பாளமாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது.

"அம்மா, என்ன பண்றீங்க?" ஆபீசர் பதறினார்.

"அவரு பூசினதுன்னா அவருக்கே இருக்கட்டும். நீங்க இங்கயே நின்னு பாருங்க சார். நேரம் இருக்குல்ல?"

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கு" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

செங்கல் தெரிய மொத்தத்தையும் சுரண்டித் தள்ளினாள். சிரித்தவன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். தண்ணீரை அடித்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே, கொட்டகை அதிரக் கத்தினாள்.

"கலவை!"

இருபது வருஷமாக அவள் காதில் விழுந்த குரல் அது. என்ஜினீயர் நிற்கும்போதெல்லாம் அவர் கத்தவும் அவள் ஓடவும் இருந்த குரல். யாரும் அசையவில்லை.

"கொத்தனாரே, உங்களைத்தான். ஆள் வெச்சுக்கலாம்னு ஆபீசர் சொன்னார்ல? கூடமாட ஒத்தாசை பண்ணுங்க. கலவை!"

அவர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டி வந்தது, இடது தோளில். அவள் கரண்டி நுனியால் கிளறிப் பார்த்தாள்.

"ஒரே தண்ணி. இது சுவத்துல நிக்குமா? கொண்டுபோய் மறுபடி கலங்க."

அவர் வாயிலிருந்து அவள் தினம் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். அவர் கொண்டுபோய்க் கலந்து கொண்டுவந்தார். இந்தத் தடவை சரியாக இருந்தது. அவள் வீசினாள், கோலை இழுத்தாள், தேய்த்தாள். கரண்டி ஓடிய ஓட்டத்தில் ஆபீசர் எழுத மறந்து பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மேல் மூலையை முடிக்கும்போது ஆபீசர் எழுந்து கிட்டே வந்தார். செருப்பு சரசரத்தது. அவள் முதுகுக்குப் பின்னால், சட்டியோடு நின்ற மனிதரின் தொண்டை கமறியது. ஓர் இருமல். இன்னொன்று.

அவள் விரல்கள் ஒரு கணம் தளர்ந்தன. பிறகு கரண்டியை இறுக்கிப் பிடித்தன.

"தொண்டை கட்டுச்சுன்னா தண்ணி குடிங்க" என்றாள் திரும்பாமலே. "சட்டியை வெச்சுட்டுப் போய்க் குடிங்க."