சேர்ந்து நின்ற இரண்டு முட்கள்

போன வருடம் கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. இடம், கொழிஞ்சாம்பாறையில் மெயின் ரோட்டை ஒட்டியிருக்கும் என் ஒர்க்‌ஷாப். லாரி, பஸ்களின் ஏர் பிரேக் லைன் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. காற்று எங்கே கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன் என்ற தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. அன்று வரைக்கும் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு கேரவன் வந்து நின்றது. கம்பெனி கேரவன் இல்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன அலமாரி எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்காரர். டூரிஸ்டு ஜீப் ஓட்டியவர். அவர் மனைவி மூன்று வருடம் முன்பு தேயிலைச் சரிவில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. உட்கார முடியாது, படுத்தபடியேதான் பயணம். அதற்காகவே இந்த வண்டி. பாலக்காட்டில் ஒரு மாதம் எண்ணெய் வைத்தியம் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மேடுபள்ளத்தில் அந்த அம்மாவின் முதுகு அதிராமல் இருக்க, பின் அச்சின் மேல் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு ரப்பர் காற்றுப் பலூன்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். ஓட்டும்போதே பார்க்கிற மாதிரி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு மீட்டர் வைத்துத் தரச் சொன்னார். மீட்டரும் குழாய்களும் அவரே வாங்கி வைத்திருந்தார். ஒரே மீட்டரில் இரண்டு முள், இடப்பக்கத்துக்குச் சிவப்பு, வலப்பக்கத்துக்கு வெள்ளை.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். பழைய வால்வுகள் இரண்டையும் கழற்றி மேஜைமேல் வைத்தேன். இடப்பக்கக் குழாயை இழுத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அந்த அம்மாவின் அண்ணன் விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்து, கல்யாணம் செய்து கொடுத்தவர் அவர். சாயங்காலம் நாலரைக்குள் அடக்கம் செய்தாக வேண்டும், ஐந்து மணிக்கு மேல் சுடுகாட்டுப் பக்கம் காட்டானை இறங்கிவிடும், ஆனமட்டும் சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். அந்த அம்மா உள்ளே படுத்தபடி சத்தமே இல்லாமல் அழுதார். எழுந்து மாரடித்து அழக்கூட வழியில்லாத அழுகை அது.

அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வலப்பக்கத்துக்கு வாங்கியிருந்த புதுக் குழாயைப் பிரித்தால், நடுவில் நசுங்கி வெடித்திருந்தது. வேறு குழாய் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் போய் வர வேண்டும். இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பழைய வால்வுகளைத் திரும்ப மாட்டி, இன்றைக்கு மீட்டர் வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வந்த வேலையை அரைகுறையாக அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. லாரியில் ஒரே டாங்க்கிலிருந்துதானே இரண்டு சக்கரத்துக்கும் காற்று போகிறது, இதுவும் அப்படித்தானே என்று என் புத்தி போனது. மூன்று வாய் உள்ள ஒரு ‘டீ’ ஜாயின்ட் போட்டு இரண்டு பலூனையும் ஒரே குழாயில் சேர்த்து, அதையே மீட்டரின் இரண்டு முள்ளுக்கும் இழுத்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவரிடம் குழாய்க் கதை எதற்கு என்று நினைத்தேன்.

காற்று ஏற்றி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். எங்கள் ஊர் ரோடு வளைவில்லாத ரோடு. சிவப்பும் வெள்ளையும் ஒன்றின்மேல் ஒன்று படுத்த மாதிரி அசையாமல் நின்றன. அவர் கலங்கிய கண்ணோடு மீட்டரைப் பார்த்து, "இம்புட்டுச் சமமா என்னைக்குமே நின்னதில்லண்ணே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தனியாகப் போகிறாரே, துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். மனிதாபிமானம்தான், இல்லை என்று சொல்லவில்லை. என் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற ஆசையும் அதில் இருந்தது.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை தாண்டும் வரை வண்டி பல்லக்கு மாதிரி போனது. சின்னார் செக்போஸ்ட் தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் வண்டியின் குணம் மாறிவிட்டது. முதல் வளைவிலேயே பின்பக்கம் வெளிப்புறமாகச் சாய்ந்தது. சாய்ந்தது உடனே நிமிரவும் இல்லை. அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம். கட்டிலில் பெல்ட் போட்டுப் படுத்திருந்த அந்த அம்மா பல்லைக் கடித்து முனகுவது முன்னால் கேட்டது.

மீட்டரைப் பார்த்தேன். இரண்டு முள்ளும் அப்படியே சேர்ந்து நின்றன. அப்போதுதான் உறைத்தது. வளைவில் பாரம் ஒரு பக்கம் இறங்கும்போது அந்தப் பக்கத்து முள் ஏற வேண்டும், மற்றது இறங்க வேண்டும். சமமாக நின்றால் பாரம் விழுந்த பலூனிலிருந்து காற்று மறுபக்கம் ஓடுகிறது என்று அர்த்தம். தாங்க வேண்டிய நேரத்தில் தாங்காமல் விடுகிறது. தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டையும் நான்தான் சேர்த்துவிட்டேன். இது புரிந்த பிறகும் நான் இரண்டு வளைவு வாயைத் திறக்கவில்லை. வெட்கம். அந்த இரண்டு வளைவுக்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

அதற்கடுத்த வளைவில் அந்த அம்மா கத்திவிட்டார். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, நடந்ததை உள்ளபடி சொன்னேன். "தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்றபோது அவர் என்னைத் திட்டவில்லை. பழைய வால்வு எங்கே என்று மட்டும் கேட்டார். அது இருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டி, வண்டியிலேயே இருந்த சின்னக் கம்ப்ரசரில் காற்றேற்றி, பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். அது என் மேஜைமேல் இருந்தது.

தூறலில் அடியில் படுத்தேன். குழாயை மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். குழாய் விறைப்பாக இருந்தது. பலம் கொடுத்து மடக்கினேன். பலூனின் வாயில் குழாய் மாட்டும் மூக்கே முறிந்து என் கையோடு வந்தது. என் முகத்துக்கு நேரே புஸ்ஸென்று காற்று இறங்கியது. ஒரே குழாயில் இணைத்திருந்ததால் மறுபக்கக் காற்றும் சேர்ந்து போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் அடைத்துக் காற்றேற்றினால் சாய்வு இன்னும் மோசமாகும். இருந்த ஊனத்தைப் பெரிதாக்கியதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு குழியும் நேராக அந்த முதுகில்தான் விழுந்தது. சைக்கிள் போகிற வேகத்தில் உருட்டினார் அவர். நான் பின்னால் கட்டிலோரம் மண்டியிட்டு, அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். மறையூர் வந்து சேர மூன்று மணி தாண்டிவிட்டது. பஞ்சர் கடையில் கேட்டோம், அந்த அளவுக்கு மூக்கு இல்லை. அங்கிருந்த ஒரே ஆம்புலன்ஸ் நோயாளியோடு மலை இறங்கிப் போயிருந்தது. தேவிகுளத்துக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போல இருந்தது. இந்த வேகத்தில் போனால் இருட்டிவிடும் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

மறையூரை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். போனை நான்தான் அந்த அம்மாவின் காதில் வைத்துப் பிடித்தேன். எங்கே வருகிறீர்கள், இன்னும் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது எனக்கும் கேட்டது. அந்த அம்மா வண்டியின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துருங்க. ஆனை எறங்குற நேரமாச்சு. குழந்தைக எல்லாம் வரும், பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

முகத்தையாவது போனில் காட்டுகிறோம் என்றார்கள் போல. வேண்டாம் என்று தலையசைத்தார். நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். "அண்ணே, தோள விட்டுறாதீங்க" என்றார் என்னிடம். காலையிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அண்ணன் குடியிருந்த எஸ்டேட் லைன் வீட்டு வாசலுக்கு வண்டி போனபோது விளக்குப் போட்டிருந்தார்கள். பிணத்தை எடுத்த பிறகு தெளித்த தண்ணீர் காயாமல் கிடந்தது. பெண்கள் வண்டிக்குள் ஏறி அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் இறங்கித் தேயிலைச் செடியோரம் போய் நின்றேன். என்னை யாரென்று கேட்டவரிடம் ‘கூட வந்தவர்’ என்று மட்டும் சொல்லி, அந்த அம்மாவின் கணவர் எனக்குப் பால் இல்லாத கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் பஸ் ஏற்றிவிட அவரே வந்தார். நான் ஏறப்போகும்போது சொன்னார்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, மீட்டரே வேணாம்னு சொல்லியிருப்பேண்ணே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வால்வுகளையும் புதுப் பலூனையும் பார்சலில் அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று தகவல் வந்தது. அதற்குமேல் அவரும் பேசவில்லை, எனக்கும் போன் செய்யத் தைரியம் வரவில்லை.

இப்போது எந்த வண்டி வந்தாலும் செய்ததை, செய்யாததை, செய்யத் தெரியாததைச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறேன். கிண்டல் செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். அதனால் நடந்தது எதுவும் மாறப்போவதில்லை. அன்றைக்கு வேலையைப் பாதியில் விட்டு அனுப்பியிருந்தால் அந்தத் தங்கை தன் அண்ணன் முகத்தைப் பார்த்திருப்பார். நான் முடித்துக் கொடுத்தேன்.