அண்ணி பாலீஷ் போட்ட காசுகள்

இன்று மதியம், காதர்பேட்டையில் ஒரு லேபிள் கடைக்குள்...

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாணய நிபுணர் என்று யாராவது சொன்னால் நான் நம்புகிற ஆள் இல்லை.

உங்களுக்கும் அந்த வீடியோக்கள் வந்திருக்கும். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு உங்களிடம் இருக்கிறதா, நீங்கள்தான் லட்சாதிபதி! (என்னிடமும் இருந்தது. காய்கறிக்காரர் முகம் சுளித்துத்தான் வாங்கினார்.)

அண்ணன் போன வருடம் இறந்துபோனார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பழைய காசு சேர்ப்பது அவருடைய ஒரே கிறுக்கு.

எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடக்கும். அதில் தனக்கென்று ஒரு டேபிள் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கூச்சத்தில் யாரிடமும் கேட்காமலே போய்விட்டார்.

இந்த வருடம் அவர் பெயரில் டேபிள் போட்டே தீருவது என்று அண்ணி முடிவு செய்துவிட்டார். நாத்தனார் நான்தான் துணைக்குப் போனேன்.

கண்காட்சியை நடத்துகிறவர் ஷாஜஹான் பாய். பனியனுக்கு லேபிளும் எலாஸ்டிக்கும் விற்கிறார். பழைய காசு விஷயத்தில் இந்தப் பக்கம் அவர் சொல்வதுதான் தீர்ப்பு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அந்தக் கடையில்தான் கிடப்பார்.

"வாங்க, வாங்க! மாஸ்டர் ஊட்டம்மாவா? உக்காருங்க" என்று எலாஸ்டிக் ரோல்களை ஒதுக்கி இடம் செய்து, டீயும் சொன்னார் பாய். "மாஸ்டர் ஒரு காசைக் காட்டறதுக்குள்ள ரெண்டு டீ ஓடிப்போயிருமுங்க. பொண்ணு காட்டற மாதிரி அவ்வளவு பில்டப்பு!"

அண்ணி சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று.

பிறகு அண்ணன் காசு வைத்திருந்த டப்பாவைத் திறந்தார்.

எல்லாம் தகதகவென்று மின்னின!

அண்ணி அனுப்பர்பாளையத்துக்காரர். பிறந்த வீட்டில் பித்தளைப் பாத்திரப் பட்டறை. கறுத்த பாத்திரம் ஒன்று வாசலைத் தாண்டினால் குடும்பத்துக்கே அவமானம் என்று வளர்ந்தவர்.

"அவரு இருந்த வரைக்கும் தொடவே உடலீங்க பாய். ஒரே கறுப்பும் பச்சையுமா கெடந்துச்சு. நாலு பேரு பாக்கற எடத்துல அப்படியே வெச்சா அவருக்குத்தானுங்க கேவலம்? அதான் புளி போட்டுத் தேச்சு, எங்கண்ணன் பட்டறையில பாலீஷ் போடற பஃபிங் மிஷின்ல ஒவ்வொண்ணா நானே புடிச்சனுங்க. வெரலெல்லாம் சுட்டுப்போச்சு."

பெருமையாகத்தான் சொன்னார்.

பாய் ஒரு காசை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

எனக்கே புரிந்துவிட்டது. ஆற்றங்கரையில் கிடைத்த சேரர் காசு என்று அண்ணன் முன்பு ஒன்றைக் காட்டியிருக்கிறார். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில். இப்போது யானையும் இல்லை, வில்லும் இல்லை. சட்டைப் பட்டன் மாதிரி வழவழவென்று ஒரு செம்புத் துண்டு.

ஒன்று பொய் சொல்வார், இல்லையென்றால் திட்டுவார் என்று காத்திருந்தேன். (நிபுணர்களுக்கு இந்த இரண்டும்தான் வரும் என்பது என் அபிப்பிராயம்.)

"பாலீஷ் பிரமாதமா வந்திருக்குதுங்க" என்றார் பாய். "பாத்திரத்துக்கு இதுதானுங்க சரி. காசுக்கு மட்டும் இதப் பண்ணக் கூடாதுங்கம்மா. அந்தக் கறுப்பு அழுக்கில்லீங்க, காசோட தோலு. அது போனதோட மேல இருந்த உருவமும் போயிருச்சுங்க."

"எல்லாமேங்களா?"

"எல்லாமேங்க."

அண்ணி டப்பாவைப் பார்த்தார்.

"அவரு சொல்லவே இல்லீங்களே பாய். தொடாதேன்னு மட்டுந்தான் சொன்னாரு. ஏன்னு சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனுங்களா?"

பிறகு அண்ணியே கேட்டார்.

"அப்ப, அதுல இருந்த அவரு கை பட்ட தடத்தையும் நாந்தான் தேச்சு எடுத்துட்டனுங்களா?"

நான் சுவரில் தொங்கிய லேபிள்களைப் படிக்க ஆரம்பித்தேன். எக்ஸ்எல், எக்ஸ்எல், எக்ஸ்எல்.

"இல்லீங்க" என்றார் பாய், உடனே. "காசு மொகத்துல மாஸ்டர் கை படவே படாதுங்க. வெரல் பட்டாக் கறை விழுந்துருமுன்னு நாங்க யாருமே தொட மாட்டோம். ஓரத்தப் புடிச்சுத்தான் எடுப்பாரு. இப்படி."

கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாக ஒரு காசை விளிம்பில் பிடித்துக் காட்டினார். ஆறுதலுக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. விரல்கள் பழக்கத்தில் அங்கேதான் போயின.

அண்ணி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரத்துலயும் மிஷின் புடிச்சனுங்க பாய்."

பாய் வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

டாக்டர்கள், ஜோசியர்கள், என் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் என்று எத்தனையோ விவரமானவர்களைப் பார்த்துவிட்டேன். சொல்ல எதுவும் இல்லாத இடத்தில் எதுவும் சொல்லாமல் இருந்த ஒருவரை இன்றுதான் பார்த்தேன். கையிலிருந்த காசைச் சத்தம் வராமல் டப்பாவில் வைத்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவரும் குடிக்கவில்லை.

அந்த ஆளை நான் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

கடைசியில், "டேபிள் மாஸ்டர் பேர்ல உண்டுங்க. இதையே வைங்க. யாரு என்ன சொன்னாலும் நான் பேசிக்கறேன்" என்றார்.

"வேண்டாங்க பாய். அவரு பேரச் சொல்லி யாரும் சிரிக்க வேண்டாம்."

டப்பாவை மூடும்போது அண்ணி நிறுத்திக் கேட்டார்.

"இது மறுபடி கறுத்துப் போகுமுங்களா?"

"போகுமுங்க. செம்பில்லீங்களா. ஆனா பழைய நெறம் நம்ம ரெண்டு பேரு காலத்துல வராதுங்கம்மா. உருவம் எப்பவுமே வராதுங்க."

"பரவாயில்லீங்க. கறுக்கட்டும்."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம். டப்பாவை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தரவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

இறங்கும் நிறுத்தம் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அம்மிணி, மூடி போட்டு வெச்சா கறுக்காதில்ல? காத்துப் படற மாதிரி வெக்கோணும்."

எனக்குத் தெரியவில்லை. நெட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செம்பு கறுக்கக் காற்று மட்டும் போதுமா, வெளிச்சமும் வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். (விற்கவும் வாங்கவும் யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.)

அண்ணி ஜன்னலோரம் ஒரு தட்டில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று இதற்குள் போன் செய்து கேட்டுவிட்டார்.