கூரையைப் பார்த்த துரை

எத்தாளையில் எங்கள் மாமா நடத்திய பள்ளிக்கூடத்தின் தென்னோலைக் கிடுகுக் கூரையில் பாதியை அந்த வருஷத்துச் சோளகக் காற்று கொண்டுபோயிருந்தது. மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகளும் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளும்தான் அங்கே படித்தோம். வெயில் நகர நகர நாங்களும் பாயை இழுத்துக்கொண்டு நகர்வோம். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

அரசாங்கம் தந்த உதவி நன்கொடையில்தான் பள்ளிக்கூடம் ஓடியது. அதைத் தொடர்ந்து தருவதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் துரை வருவார். அந்தமுறை வந்தவர் மேல்வகுப்புக்குக் கணக்குக் கொடுத்தார். எல்லாரும் சரியாகச் செய்துவிட்டார்கள். துரையின் முகம் சிவந்து போயிற்று. அவர் சொன்னதைக் கூட வந்த கிளாக்கர் தமிழில் சொன்னார்.

"மாஸ்டர், கணக்கை முன்னமே காட்டிக் குடுத்திட்டீங்க எண்டு துரை சொல்றார்."

மேல்வகுப்பில் இருந்த எங்கள் மூத்த சகோதரி ராத்தாதான் எழுந்தாள்.

"வேற கணக்குத் தரச் சொல்லுங்க. எல்லாரும் பார்க்க நான் செய்யிறன்."

துரை வாய்க்கு வந்த கணக்கையெல்லாம் சொன்னார். ராத்தா கரும்பலகையில் மளமளவென்று போட்டாள். கடைசியில் அவரே கைதட்டிச் சிரித்துவிட்டார். எங்களுக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்தது. மாமா தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு துரை அண்ணாந்து பார்த்தார். ஏதோ சொன்னார். கிளாக்கர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளைகள் மெத்த நல்லாப் படிக்கிறாங்களாம். ஆனா இப்படிக் கூரை உள்ள பள்ளிக்கூடத்துக்கு இனி நன்கொடை குடுக்க ஏலாதாம்."

யாரோ கன்னத்தில் அறைந்தது போல மாமா ஓர் அடி பின்னால் போனார்.

"அந்தக் காசு வந்தாத்தானே ஐயா கூரை போடலாம்! இதைத் துரைக்குச் சொல்லுங்களேன்!"

கிளாக்கர் அதை மொழிபெயர்க்கவே இல்லை. துரையின் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வண்டி மணலில் ஊர்ந்து ஊர்ந்து மறையும்வரை மாமா அப்படியே நின்றார். எங்களைப் போகச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. ராத்தாதான் என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஓடு போட்ட பள்ளிக்கூடம் களப்பு நீருக்கு அந்தப் பக்கம் புத்தளத்தில் இருந்தது. தோணி ஏறிப் போய்ப் படிக்க எந்தப் பெண்பிள்ளையையும் எங்கள் ஊரில் விடமாட்டார்கள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா ராத்தா?"

"இல்ல."

"அடுத்த நாளும்?"

"அடுத்த நாளும் இல்ல."

நான் துள்ளிக் குதித்து அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். இவ்வளவு நல்ல சேதியைச் சொல்லிவிட்டு அவள் ஏன் தாவணியால் முகத்தை மூடிக்கொண்டாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.