வெறும் கொழுப்பு

கனடாவின் சஸ்காச்சவன் மாகாணத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் ஒரீசியா பாபியாக். பனிப்புயலிலும் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பவள். எதற்கும் அசராதவள், ஐம்பத்தோரு வயதில் பயந்துபோனாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுடைய வயிறு பெருத்துக்கொண்டே போனது. சாப்பாடு கூடவில்லை, பிடித்த பெரோகிக் கொழுக்கட்டையைக்கூட ஒதுக்கிப் பார்த்தாள். மாதவிலக்கு தப்பித் தப்பி வந்து, பிறகு வரவேயில்லை. ஊரே உறைந்து கிடக்கும்போது இவள் வேர்த்துக் கொட்டி ஜன்னலைத் திறந்துவிடுவாள். "குளிருது, மிஸஸ் பாபியாக்!" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்துவார்கள்.

ஒருநாள் பேருந்து ஷெட்டில் மெக்கானிக் டுவெய்ன், "என்ன ஒரீசியா, ஏதாவது விசேஷமா?" என்று வயிற்றைக் காட்டிக் கேட்டான். சிரித்து மழுப்பிவிட்டுக் கழிப்பறைக்குள் போனாள். நானும் அங்கே ஓட்டுநர்தான், பின்னாலேயே போனேன். உள்ளே அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க அக்காவுக்கும் முதல்ல வயிறுதாண்டி பெருத்துச்சு, லவெர்ன்."

அக்கா சினைப்பைப் புற்றுநோயில் இறந்தவள்.

"மாரிஸ்கிட்ட சொன்னியா?"

"புருஷன்கிட்ட இதை எப்படிடி சொல்றது?"

"சொல்லாம இருந்தா மட்டும் சரியாயிடுமா? கிளம்பு, டாக்டர்கிட்ட நான் கூட வரேன்."

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். முடிவு கேட்கப் போன அன்று என் கையை நசுக்கிவிட்டாள்.

"கட்டி எதுவும் இல்லை," என்றார் டாக்டரம்மா. "இது மெனோபாஸ். ஈஸ்ட்ரஜன் குறையும்போது கொழுப்பு வயித்துல வந்து சேரும். வயசாக ஆகத் தசையும் குறையுது, அதான் அதே சாப்பாட்டுக்கு எடை ஏறுது."

"அப்ப இது வெறும் கொழுப்பா?"

"ஆமா, கொழுப்புதான்."

ஒரீசியா எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே விட்டுடாதீங்க," என்று சிரித்தார் அவர். "சர்க்கரை, பிரஷர் வரும். நடங்க, எடை தூக்குங்க. வேர்க்கறது தாங்கலைன்னா மருந்து இருக்கு."

காரில் ஏறியதும் மாரிஸைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"நீ முகங்கொடுத்தே பேசலையா, வேற எவனையோ பிடிச்சுட்டியோன்னு நினைச்சேன்."

"இந்த வயித்தை வச்சுக்கிட்டா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண் கலங்கியது. போகிற வழியில் இரண்டு பெரிய அளவுக் கால்சட்டை வாங்கினாள்.

இப்போது சாயங்காலங்களில் மாரிஸோடு நடக்கிறாள்; சனிக்கிழமைகளில் என்னோடு எடை தூக்குகிறாள். உடம்பு கொஞ்சம்தான் இளைத்திருக்கிறது. ஆனால் நன்றாகத் தூங்குகிறாள்.