அக்காவுக்குக் கல்யாணம் நடந்த கோயில்

போன டிசம்பரில் ஒருநாள் எங்கள் மலையில் சோளக்காடு சந்தையில் வாழைத்தார்களை இறக்கிப் போட்டுவிட்டு நானும் அப்பாவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டம்ளரைப் பார்த்தபடியே அப்பா சொன்னார்: "உங்கக்கா கல்யாணம் பண்ணுன கோயில ஒருக்காப் பாக்கோணும் கண்ணு."

நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மனதை மாற்றிக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது.

அக்கா திருச்சிக்கு நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் ஒருவரை விரும்பினாள். அவர் கிறிஸ்தவர், மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கிற கீழ்நாட்டுக்காரர். மலையில் எங்கள் ஊர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டில் வெளியே பெண் கொடுக்கிற வழக்கம் கிடையாது. அம்மா நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே இறந்துவிட்டதால், எங்களுக்குத் தலை பின்னிவிட்டு, சாமைச்சோறு ஆக்கிப் போட்டு வளர்த்தவர் அப்பாதான். அந்த அப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. பொங்கல் லீவுக்கு வந்தபோதுதான் கல்யாணம் முடிந்துபோன விஷயமே தெரிந்தது.

அதற்குப் பிறகு சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் போனில் பேச்சு தொடங்கியது. ஆனால் அவள் மலைக்கு வரவில்லை. அப்பாவும் இறங்கிப் போகவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கிளம்பினோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடியில் ஒரு பை. அதில் மலை வாழைப்பழமும், வீட்டில் காயவைத்த மிளகும் இருந்தன. நாமக்கல்லில் பஸ் மாறி திருச்சி போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

அக்கா மகளோடு கோயில் வாசலில் நின்றிருந்தாள். "பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதாப்பா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். விருந்தாளியிடம் கேட்பது மாதிரி இருந்தது. அப்பா குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "அப்புச்சின்னு கூப்பிடு சாமி" என்றார். அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். குழந்தை அக்காவைப் பார்த்து, "அப்புச்சின்னா என்னம்மா?" என்றது.

நூறு வருஷத்துக்கு மேல் பழமையான பேராலயம் அது. கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். தூண்களுக்கு நடுவே காகித நட்சத்திரங்கள் தொங்கின. எல்லோரும் செருப்போடு போக, அப்பா மட்டும் வாசலிலேயே கழற்றிவிட்டார். தரையில் பதித்திருந்த கல்வெட்டுகள் பழைய ஆயர்களின் கல்லறைகள் என்று அக்கா சொன்னதும், "மேல மிதிக்கலாமா?" என்று பதறி ஓரமாகவே நடந்தார்.

முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "இங்க கல்யாணம்னா எப்படிப் பண்ணுவாங்க?"

அக்கா பேசுவதற்குள் குழந்தை முந்திக்கொண்டது. "எனக்குத் தெரியும். அந்தக் கதவுலேர்ந்து பொண்ணோட அப்பா, பொண்ணு கையப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வருவாங்க. நான் ஒரு கல்யாணத்துல முன்னாடி பூ போட்டுக்கிட்டே வந்தேன்."

அக்கா குழந்தையை இழுத்து மடியில் உட்காரவைத்தாள்.

"உன்னிய ஆரு கூட்டியாந்தா?" என்று அப்பா கேட்டார்.

பக்கவாட்டில் ஒரு பெரியவர் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் காட்டினாள். "அவர்தாம்ப்பா. இந்தக் கோயில் உபதேசியார், பாதிரியாருக்கு ஒத்தாசையா இருக்காரு. தனியா நின்னுக்கிட்டிருந்தேன். அவரா வந்து கையக் கொடுத்தாரு."

அப்பா எழுந்து வாசல் கதவு வரைக்கும் போனார். அங்கே திரும்பி நின்றார். பிறகு நடுவழியில் மெதுவாக நடந்து வந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் எழவில்லை. அப்பா பீடத்துக்கு முன்னால் வந்து நின்று, அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் குடில் பக்கம் திரும்பிவிட்டார்.

பையிலிருந்து மிளகுப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டினார். "எம் புள்ளயக் கூட்டியாந்தது நீங்கதானாமாங்க. நான் வந்திருக்கோணுமுங்க."

பெரியவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "நீங்க வந்துடுவீங்கன்னு பூசையத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தோம் ஐயா. பொண்ணு வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்துச்சு. ஒவ்வொரு ஆட்டோவா பாத்துச்சு. பூசை வைக்கிற சாமியார் இனிமே முடியாதுன்னாரு. அப்புறந்தான் நான் போனேன்."

குறை சொல்கிற குரல் இல்லை அது. நல்ல மனிதர், நடந்ததைச் சொன்னார். அக்கா காத்திருந்தாள் என்பது அதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது. அப்பா பக்கத்திலிருந்த தூணில் கையை ஊன்றிக்கொண்டார்.

சாயங்காலம் அக்கா வீட்டில் சாப்பிட்டோம். மாமா நன்றாகக் கவனித்துக்கொண்டார். அப்பா எல்லோரையும் மலைக்குக் கூப்பிட்டார். "பாக்கலாம்ப்பா, இவளுக்கு லீவு விடட்டும்" என்றாள் அக்கா.

திரும்பும் பஸ்ஸில் அப்பா சொன்னார்.

"கல்யாணத்தன்னிக்கு நான் மலையெறங்கிச் சேந்தமங்கலம் வரைக்கும் வந்தேன் கண்ணு. புது வேட்டி கட்டிக்கிட்டுத்தான் வந்தேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். நாமக்கல் பஸ்ஸு வந்துச்சு, போச்சு. அடுத்ததும் போச்சு. ஊருல என்ன சொல்லுவாங்கன்னே ரோசன. வெயில் ஏறுனதும் மலைக்கே திரும்பிட்டேன்."

"இதை அங்கேயே அவகிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா?"

"சொல்லி? அவ நின்னது நின்னதுதான?"

ஊருக்கு வந்த பிறகு நானே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். சொன்னால் அவள் மனம் இளகும் என்று நம்பினேன்.  "பாதி வழி வந்தாரா? இதுக்கு நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கோடை லீவு வந்து போனது. குழந்தைக்கு ஏதோ வகுப்பு என்றாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது. மழையைப் பற்றி, மிளகு பிடித்திருப்பதைப் பற்றி அப்பா அவளோடு பேசுகிறார். போன வாரம் போனை வைத்ததும், "வரச் சொல்லிக் கேட்டீங்களாப்பா?" என்றேன்.

"கேக்கல" என்றார். "ஒவ்வொரு வாட்டியும் கேட்டா, ஒவ்வொரு வாட்டியும் அவ ஒரு காரணம் தேடோணுமில்ல? அந்தச் சங்கடம் எதுக்கு அந்தப் புள்ளைக்கு."