பஸ் டிக்கெட் கேட்கிறவர்

1995. மதுராந்தகம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒருவர் என் முன்னால் கை நீட்டுகிறார். பிச்சை என்று நினைத்துச் சில்லறையைத் தேடுகிறேன்.

"காசு வேணாம் சார். பஸ் டிக்கெட்ட மட்டும் குடு."

கசங்கிய டிக்கெட்டைப் பிரித்து, கடைசி மூன்று எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார். அங்கே ஏற்கெனவே எழுதிய எண்கள் வியர்வையில் கலைந்திருக்கின்றன. எதிரேயுள்ள லாட்டரிக் கடைக்குப் போய், அதே மூன்று எண்களில் முடிகிற சீட்டைத் தேடுகிறார்.

பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கும் பெண், "எங்க வூட்டுக்காரருதான் சார். கண்ணுல படற நம்பரெல்லாம் வாங்குவாரு" என்கிறாள்.

"எப்பவாவது பரிசு விழுந்திருக்கா?"

அவள் ஒரு பழத்தை எடுத்து முந்தானையில் துடைக்கிறாள். துடைத்த பழத்தையே மறுபடியும் துடைக்கிறாள்.

"ஒரு தபா வுழுந்துச்சு. எங்க பொண்ணு ஆஸ்பத்திரில செத்துட்டா. அவ கையில ஒரு நம்பர் அட்டயக் கட்டிக் குடுத்தாங்க. அழுதுகினே போயி அந்த நம்பர்லயும் சீட்டு வாங்கினாரு. அதுதான் சார் வுழுந்துச்சு."

கடையில் அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

"அன்னிலேந்து எந்த நம்பரப் பாத்தாலும், பாப்பாதான் அனுப்புதுன்றாரு."